புளித்த மண்ணில் இனித்த கனி

தோட்டம் போடுவோரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. செடி வாடினால் எரு போட வேண்டும். எரு போட்டும் வாடினால் இன்னும் கொஞ்சம் எரு போட வேண்டும் என்பதே அது. கத்தரிக்கும் வெண்டைக்கும் வாழைக்கும் இந்த வைத்தியம் பெரும்பாலும் பலித்துவிடுகிறது. ஆகையால் உலகத்திலுள்ள செடிகள் யாவும் ஒரே ஜாதி என்றும், எல்லாவற்றிற்கும் பசி ஒரே விதமானது என்றும் நாம் முடிவு செய்துவிடுகிறோம். இந்த முடிவைப் பொய்யாக்குவதற்கென்றே பிறந்தது போன்ற ஒரு செடியைப் பற்றி இவ்வாரம் எழுதலாம் என்று எண்ணுகிறேன். புளூபெர்ரி என்பது அதன் பெயர்.

பெரிய பட்டணங்களின் பழக்கடைகளில் இக்கனியை நேயர்கள் பார்த்திருக்கலாம். கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு பெட்டிகளில் அடைத்து, தங்கத்தை நிறுத்து விற்பது போல் விற்கிறார்கள். சுண்டைக்காய்ப் பருமன், கருநீல நிறம், திராட்சையின் மேல் படிந்திருப்பது போன்ற மெல்லிய வெண்பூச்சு, நுனியில் ஒரு குட்டிக் கிரீடம். வாயில் இட்டால் முதலில் இனிப்பும் அதன் பின்னே சிறிது புளிப்பும் தெரியும். நிறத்தைக் கண்டு இதை நாவற்பழத்தின் தம்பி என்று எண்ணிவிடக் கூடாது. நாவல் ஓங்கி வளரும் மரம். அதன் கனிக்குள் ஒரே கொட்டை. தின்றவருடைய நாக்கில் துவர்ப்பையும் நிறத்தையும் விட்டுச் செல்லும். புளூபெர்ரியோ ஆள் உயரப் புதர். கனிக்குள் இருக்கும் விதைகள் பல்லில் தட்டுப்படாத அளவுக்குச் சிறியவை. வசந்த காலத்தில் வெண்ணிறச் சிறு மணிகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டாற்போல் பூக்கும். இலையுதிர் காலத்தில் இலைகள் தீயைப் போலச் சிவக்கும். பழம் கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை என்று அழகுக்காகவே இதைத் தொட்டியில் வைத்துக்கொள்வோர் மேனாடுகளில் உண்டு.

இச்செடியை வாங்கி வருபவர்கள் அதை எவ்வாறு உபசரிக்கிறார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம். நல்ல தொட்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள். தோட்டத்துச் செம்மண்ணையும் மக்கிய சாணத்தையும் சரிபாதி கலந்து நிரப்புகிறார்கள். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி, நொறுக்கிய முட்டை ஓடு ஒரு பிடி, எலும்புத் தூள் கொஞ்சம். காலையும் மாலையும் கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றுகிறார்கள். இரண்டு மாதம் செடி ஒன்றும் சொல்வதில்லை. பிறகு இளந்தளிர்கள் மஞ்சள் நிறம் கொள்கின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கின்றன. பசியால் வெளுக்கிறது என்று கருதி இன்னும் எரு இடுகிறார்கள். இலை ஓரங்கள் கருகுகின்றன. ஆண்டு முடிவதற்குள் தொட்டியில் ஒரு குச்சி மிஞ்சுகிறது. அந்தச் செடி பட்டினியால் சாகவில்லை, உபசாரத்தால் செத்தது.

இந்த அனுபவம் புதியது அன்று. புளூபெர்ரியின் தாயகம் வட அமெரிக்கா. அங்கே பூர்வகுடிகள் எத்தனையோ தலைமுறைகளாக இப்பழத்தைக் காட்டில் பறித்துத் தின்றும், உலர்த்தி வைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தும் வந்தார்கள். பின்னால் குடியேறிய ஐரோப்பியரும் அவ்வாறே பறித்துத் தின்றார்கள். ஆனால் காட்டுச் செடியைப் பெயர்த்து வந்து தோட்டத்தில் நட்டபோதெல்லாம் அது மெலிந்து மாண்டது. உழுது, எருவிட்டு, சுண்ணாம்பும் தூவிப் பண்படுத்திய நல்ல நிலத்தில் வாழ மறுத்த செடி, வேலிக்கு அப்பால் ஒன்றுக்கும் உதவாத சதுப்பு ஓரத்தில் காய்த்துக் குலுங்கியது. இது காட்டுக்கே உரியது, வீட்டுக்கு வராது என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரையில் இதுவே பொதுவான அபிப்பிராயமாக இருந்தது.

* * *

அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர்கள் இருவர். முதலாமவர் அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவில் தாவர சாஸ்திரியாக இருந்த பிரெடரிக் கோவில். (கோவில் என்பது அவருடைய குடும்பப் பெயர், நம் ஊர்க் கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1906-ஆம் ஆண்டில் அவர் ஒரு சாதாரணக் கேள்வியோடு தமது பரிசோதனையைத் தொடங்கினார். காட்டில் செழிக்கும் செடி தோட்டத்தில் சாவானேன்? இரண்டு மண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

தொட்டி தொட்டியாக வெவ்வேறு மண்ணை நிரப்பி நாற்றுகளை நட்டுப் பார்த்தார். செழிப்பான தோட்ட மண்ணில் அவை குன்றின. சுண்ணாம்பு கலந்த மண்ணில் நலிந்தன. பாதி மக்கிய இலைகளும் வேர்களும் நிறைந்த, புளிப்பான காட்டு மண்ணில் தழைத்தன. இந்தச் செடிக்கு வேண்டியது புளித்த மண் என்பது இவ்வாறு நிச்சயமாயிற்று. 1910-இல் இந்த ஆராய்ச்சியின் முடிவுகளை விவசாய இலாகா ஒரு சிறு நூலாக வெளியிட்டது.

புளித்த மண் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மண்ணின் புளிப்பை விஞ்ஞானிகள் பி.எச். என்னும் எண்ணால் அளக்கிறார்கள். 7 என்பது நடுநிலை. அதற்கு மேலே போனால் காரம். கீழே வந்தால் புளிப்பு. ஒவ்வோர் எண் இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது. ஆகவே 7-க்கும் 5-க்கும் உள்ள வேற்றுமை இரண்டு அன்று, நூறு மடங்கு. நம் காய்கறிகளில் பெரும்பாலானவை 6-க்கும் 7-க்கும் இடையே சுகமாக இருப்பவை. புளூபெர்ரிக்கோ 4½ முதல் 5 வரை வேண்டும். 5½ வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள இயலாது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது இதனால்தான். நிறைந்த பாத்திரத்தின் முன் வாய் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பவனுடைய நிலை அது.

வேரைப் பற்றி இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றச் செடிகளின் வேர் நுனியில் மயிர் போன்ற தூவிகள் இருக்கும். அவற்றால் அவை நீரையும் சத்தையும் உறிஞ்சும். புளூபெர்ரிக்கு அத்தூவிகள் இல்லை. தலைமயிரைப் போன்ற மெல்லிய வேர்கள். அவ்வேர்களுக்குள்ளே குடியிருக்கும் ஒரு வகைக் காளான். அந்தக் காளான் புளித்த மண்ணில் மக்கிய பொருள்களிலிருந்து தழைச் சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது; செடி அதற்குச் சர்க்கரையைக் கொடுக்கிறது. ஏழை மண்ணில் வாழ்வதற்கு இவ்விரண்டும் செய்துகொண்ட ஏற்பாடு இது. இத்தகைய வீட்டில் நாம் கூடை கூடையாகச் சாணத்தைக் கொட்டினால், அது விருந்தாக இருப்பதில்லை.

* * *

இரண்டாமவர் ஒரு பெண்மணி. நியூ ஜெர்சி மாகாணத்தில் பைன் மரக் காடுகள் அடர்ந்த பெரும் மணற்பிரதேசம் ஒன்று இருக்கிறது. அதற்கு அவ்வூரார் இட்ட பெயரே பைன் மலட்டு நிலம் என்பதுதான். மணல் புளிப்பு, ஓடைகளில் ஓடும் நீர் தேநீர் நிறம், கோதுமை விளையாது. அங்கே ஒயிட்ஸ்பாக் என்னும் இடத்தில் ஜோசப் ஒயிட் என்பவர் சதுப்பு நிலத்தில் கிரான்பெர்ரி என்ற சிவந்த கனியைப் பயிரிட்டு வந்தார். அவருடைய குமாரி எலிஸபெத் ஒயிட் 1871-இல் பிறந்தவர். தகப்பனாரின் பண்ணை வேலைகளில் இளமை முதலே கூட நின்றவர். வயல் ஓரங்களில் தானே முளைத்துக் காய்க்கும் புளூபெர்ரிப் புதர்களைப் பார்க்கும்போதெல்லாம், இதைப் பயிராக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணுவாராம். கிரான்பெர்ரி இலையுதிர் காலத்தில் பழுப்பது. புளூபெர்ரி கோடையில் பழுப்பது. ஒன்று முடிவதும் மற்றொன்று தொடங்குவதுமாக, ஒரே பண்ணை இரண்டு போகம் காணலாம் அல்லவா?

1911-இல் கோவிலின் நூல் அவர் கைக்கு வந்தது. உடனே அவருக்குக் கடிதம் எழுதினார். நிலமும் ஆளும் தருகிறோம், பரிசோதனையை எங்கள் பண்ணையில் நடத்துங்கள் என்று தகப்பனாரைக் கொண்டும் சொல்லச் செய்தார். அறிஞர் இசைந்தார். செடிகளைக் கலப்பினம் செய்யும் வேலை அவருடையது. கலப்பதற்கு உயர்ந்த தாய்ச் செடிகளைக் காட்டிலிருந்து தேடிக் கொடுக்கும் வேலை இவருடையது.

ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டில் பெரும் பழம் காய்க்கும் புதரைத் தேடுவது எப்படி? அந்தக் காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த ஏழை ஜனங்கள். குமாரி ஒயிட் அவர்களுக்கு ஆளுக்கொரு அலுமினிய அளவுகோல் கொடுத்தார். அதில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள துவாரம் ஒன்று இருக்கும். பழங்களைப் போட்டு வைக்கச் சிறு குப்பிகளும், எழுதி ஒட்டச் சீட்டுகளும் உடன் தந்தார். பழம் அந்தத் துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால் விட்டுவிடு. நுழையாவிட்டால் புதருக்கு அடையாளம் கட்டிவிட்டு வந்து சொல் என்பது ஏற்பாடு. கண்டுபிடித்தவனுக்குப் பணமும் உண்டு, வேறொரு மரியாதையும் உண்டு. அந்தப் புதருக்கு அவன் பெயரையே வைப்பார்கள்.

இவ்வாறு காட்டிலிருந்து வந்து சேர்ந்த புதர்கள் நூற்றுக்கும் மேல். பெருமை மட்டும் போதாது. சுவை வேண்டும், பழம் கெட்டிப்பட வேண்டும், செடி நோய் தாங்க வேண்டும். தேறியவை சிலவே. அவற்றுள் தலைசிறந்ததைக் கண்டவர் ரூப் லீக் என்பவர். ரூப் என்றால் அவர்கள் பாஷையில் பட்டிக்காட்டான் என்ற பொருளும் வந்து விழும். லீக் என்பதோ வெங்காய ஜாதிக் கீரை ஒன்றின் பெயர். இனிக்கும் பழத்துக்கு வெங்காய வாசனை வேண்டாமென்று, முதற்பெயரையும் அடுத்த பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ரூபெல் என்று பெயரிட்டார்கள். ரூபெல் இன்றும் பயிரிடப்படுகிறது. அதனிடத்திலிருந்து பிறந்த கலப்பினங்கள் பல.

தாய்ச் செடி கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஒட்டு மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே மாம்பழம் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை அல்லவா? அதுபோலவே இதுவும். விதையில் குணம் மாறும். ஆகையால் குச்சியை வெட்டி வேர்விடச் செய்ய வேண்டும். அந்தக் குச்சிகளோ இலேசில் வேர்விடுவதில்லை. பல முறை தோற்று, மணலும் புளித்த மக்கும் கலந்த படுக்கையில் அவற்றை வேர்விடச் செய்யும் பக்குவத்தைக் கண்டார்கள். 1916-ஆம் ஆண்டில் மனிதர் பயிரிட்ட முதல் புளூபெர்ரி ஒயிட்ஸ்பாக்கிலிருந்து சந்தைக்குச் சென்றது. மலட்டு நிலம் என்ற பெயர் தேசப்படத்தில் இன்னும் இருக்கிறது. நிலத்தின் விஷயத்தில் அது பொய்யாகிவிட்டது.

நிலத்தை மட்டுமா மலடு என்றார்கள்? 1913-இல் வெளிவந்த ஓர் அறிக்கை அந்தக் காட்டு ஜனங்களையே அறிவு குன்றியவர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சித்திரித்தது. பத்திரிகைகள் அதை ஊதிப் பெருக்கின. யாரிடம் அளவுகோலைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினாரோ, அவர்களுக்காகக் குமாரி ஒயிட் பகிரங்கமாக வாதாடினார். ஆயினும் வரலாறு முழுவதும் தேனாக இருப்பதில்லை. 1910-இல் லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக்காரர், குழந்தைகளை வேலை வாங்குவதை எதிர்த்த தேசியக் கமிட்டிக்காக, இதே ஒயிட்ஸ்பாக்கில் கிரான்பெர்ரி பறிக்கும் பாலர்களைப் படம் பிடித்தார். குமாரி ஒயிட் அந்தக் கமிட்டியின் குற்றச்சாட்டுகளைப் பல ஆண்டுகள் மறுத்து வந்தார். படங்களோ இன்றும் இருக்கின்றன. பழத்தின் சரித்திரத்தைச் சொல்லும்போது பறித்த கைகளையும் சொல்வது நியாயம்.

* * *

இனி, இச்செடியின் மற்றொரு இரகசியம். கோவில் தமது நாற்றுகளைப் பனியிலிருந்து காப்பாற்ற எண்ணிச் சிலவற்றைக் குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டிய கண்ணாடி வீட்டில் வைத்தார். சிலவற்றை வெளியே குளிரில் விட்டார். வசந்தம் வந்ததும் குளிரில் கிடந்தவை துளிர்த்தன. கதகதப்பில் சொகுசாக இருந்தவை தூங்கிக்கொண்டே இருந்தன. அவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். கண்ணாடி வீட்டுக்குள் இருந்த செடியின் ஒரு கிளையை மட்டும் துவாரத்தின் வழியே வெளியே நீட்டிக் குளிரில் விட்டார். வெளியே நின்ற கிளை துளிர்த்தது; உள்ளே இருந்த கிளைகள் துளிர்க்கவில்லை. ஆகவே குளிர் இச்செடிக்குத் தண்டனை அன்று; அதுவே எழுப்பும் கடிகாரம். 1920-இல் இதை அவர் வெளியிட்டார்.

வடக்கத்திய ஜாதிகளுக்கு ஏழு டிகிரி செல்ஸியஸுக்குக் கீழான குளிர் 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். நம் சமவெளியில் அவ்வளவு குளிர் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிட்டாது. ஆயினும் ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. பிளாரிடாப் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஷார்ப் என்பவர், அவ்வூர் வெப்பத்தில் வளரும் காட்டு ஜாதி ஒன்றை வடக்கத்திய ஜாதியோடு கலந்து, குறைந்த குளிரே போதுமான புதிய ஜாதிகளை உண்டாக்கினார். ஷார்ப்புளூ என்பது 1976-இல் வெளிவந்தது. பிலாக்ஸி என்ற மற்றொன்றை அமெரிக்க விவசாய இலாகா 1998-இல் வெளியிட்டது. இவ்விரண்டும் குளிர் அதிகம் கேட்பதில்லை. பெரு தேசத்தின் கடற்கரைப் பாலையில், குளிர்காலம் என்று சொல்லத் தக்கதே இல்லாத இடத்தில், பிலாக்ஸி போன்ற ஜாதிகள் இலை உதிர்க்காமலே காய்க்கின்றன.

நம் நாட்டில் இதை வளர்க்க விரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களின் கோடையில் இதை நம்பிப் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில் இருப்பவர்கள் குறைந்த குளிர் கேட்கும் ஜாதிகளை முயன்று பார்க்கலாம். தேயிலையும் புளித்த மண்ணை விரும்பும் செடியே. ஆகையால் தேயிலை தழைக்கும் மண் இதற்கு அந்நியமாக இராது. மலைவாசஸ்தலங்களின் வீட்டு முற்றங்களில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாச் செடியும் ஓர் அடையாளம் காட்டும். பூ நீலமாக இருந்தால் பெரும்பாலும் மண் புளிப்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் சுண்ணாம்பு சேர்ந்த மண்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். புளூபெர்ரியின் நெருங்கிய உறவினர் நம் மலைகளிலேயே இருக்கிறார்கள். நீலகிரியின் சோலைக் காடுகளில் அதே வாக்ஸினியம் குலத்தைச் சேர்ந்த சிறு மரம் ஒன்று வளர்கிறது. மணி போன்ற பூவும் தின்னத்தக்க சிறு கனியும் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி லெஷெனோல் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். நீலகிரியின் பெயரையே தாங்கிய மற்றோர் இனமும் உண்டு. இவற்றைச் சோலையிலிருந்து பெயர்த்து வர எண்ண வேண்டாம். அவை சோலையின் சொத்து. மலைக்குப் போகிறவர்கள் பார்த்து மகிழ்ந்தால் போதும்.

* * *

தொட்டியில் வளர்க்கும் முறையை இனிச் சொல்கிறேன். உண்மையில் இச்செடிக்குத் தரையைவிடத் தொட்டியே பல இடங்களில் மேல். தரை மண்ணின் குணத்தை மாற்றுவது பிரயாசை. தொட்டி மண்ணோ நம் கையில் இருக்கிறது.

முதலாவது, தொட்டி. மண் தொட்டியோ மரத் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ இருக்கலாம். சிமெண்டுத் தொட்டி கூடாது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு சிறுகச் சிறுகக் கசிந்து புளிப்பைக் கெடுத்துவிடும். தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்து அழகு பார்ப்பதும் வேண்டாம். இளஞ்செடிக்கு ஓர் அடி அகலம் போதும். பின்னர் ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்கு மாற்ற வேண்டும். வேர் ஆழத்துக்குப் போவதில்லை, பக்கவாட்டில் பரவுவது. ஆகையால் ஆழத்தைவிட அகலமே முக்கியம். அடியில் துவாரங்கள் தாராளமாக இருக்கட்டும்.

இரண்டாவது, மண். தோட்டத்து மண்ணை மறந்துவிட வேண்டும். சதுப்பு நிலப் பாசி மக்கி உண்டான பீட் என்னும் பொருள் பாதி, பைன் மரப்பட்டைத் துண்டுகள் பாதி, இவற்றோடு சிறிது மணல். பீட்டுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைச் சேர்ப்பவர்கள் அதைப் பல முறை அலசி உப்பைப் போக்க வேண்டும். அதன் புளிப்பு தனியே போதாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தரையில் நடுவதானால் கந்தகத் தூளை ஆறு மாதம் முன்னதாகவே மண்ணில் கலக்க வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை மெல்ல மெல்ல அமிலமாக்கும். அது ஓரிரவில் நடப்பது அன்று. புளிப்பு வேண்டுமென்றதும் சிலர் எலுமிச்சஞ்சாற்றையும் காடியையும் ஊற்றத் தொடங்குவார்கள். அதன் பலன் சில நாளில் மறைந்துவிடும். புளியும் மோரும் ரசத்துக்கும் சாதத்துக்குமே இருக்கட்டும்.

மூன்றாவது, நீர். நம் ஊர்க் கிணறுகளில் பெரும்பாலும் கடின நீர். அதில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். தினந்தோறும் அதை ஊற்றினால், எவ்வளவு புளித்த மண்ணும் ஓராண்டில் இனித்துவிடும், செடியின் வாழ்வு கசந்துவிடும். மழை நீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே உத்தமம். வேர் மேலாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்துபோகும். எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. பிழிந்து வைத்த துணியின் ஈரம் சரியான அளவு. மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மரப்பட்டையோ பைன் ஊசி இலைகளோ பரப்பினால் ஈரமும் காக்கப்படும், வேரும் குளிர்ந்திருக்கும்.

நான்காவது, உரம். சாணம், சாம்பல், முட்டை ஓடு, எலும்புத் தூள் எதுவும் ஆகாது. இச்செடி தழைச் சத்தை அம்மோனிய வடிவில்தான் விரும்புகிறது. அம்மோனியம் சல்பேட் உப்பை ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் நீரில் கரைத்து, வளரும் பருவத்தில் மட்டும், இடைவெளி விட்டு ஊற்றலாம். அது உரமும் ஆகும், புளிப்பையும் காக்கும். அதிகம் ஊற்றினால் மெல்லிய வேர் வெந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் செடி பொறுக்கும். கொஞ்சம் கூடினால் பொறுக்காது.

ஐந்தாவது, துணை. ஒற்றைச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் பழம் சிலவாகவும் சிறிதாகவும் இருக்கும். இதையும் கோவிலே கண்டறிந்தார். இரண்டு வெவ்வேறு ஜாதிச் செடிகளை அருகருகே வையுங்கள். கவிழ்ந்த மணிப் பூவுக்குள் புகுந்து மகரந்தம் உதிர்ப்பது வண்டுகளின் வேலை. பூக்கும் காலத்தில் பூச்சி மருந்து தெளித்தால், நம் பழத்தை நாமே தடுத்துவிட்டவர்கள் ஆவோம்.

ஆறாவது, வெயிலும் கத்தரியும். மலை வெயிலில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது செடி நிற்க வேண்டும். வெப்பம் மிகும் இடத்தில் பிற்பகலில் நிழல் நல்லது. சென்ற ஆண்டு வளர்ந்த கிளையின் நுனிப்புறத்திலேதான் பூமொட்டு தோன்றும். ஆகையால் அழகாக இருக்கட்டுமென்று நுனிகளைக் கத்தரித்துவிட்டால் அந்த ஆண்டுப் பழம் கத்தரியோடு போயிற்று. செடி முதிர்ந்த பின், ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட கிழத் தண்டு ஒன்றிரண்டை ஆண்டுதோறும் அடியோடு நீக்கி வந்தால் புதுத் தண்டுகள் கிளம்பும். இவ்வாறு பேணினால் ஒரு புதர் இருபது ஆண்டுக்கு மேலும் காய்க்கும்.

இத்தனையும் செய்த பிறகு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குடும்பங்களில் அதுவே மிகக் கடினமானது. முதல் இரண்டு ஆண்டுகளில் தோன்றும் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்களுக்கும் மனம் வராது. ஆனால் இளஞ்செடி பழத்துக்குச் செலவிடும் வலுவை வேருக்குச் செலவிட்டால்தான் மூன்றாம் ஆண்டில் நின்று காய்க்கும். காய்க்கத் தொடங்கியதும், பழம் சிவக்கும் முன்பே புதரின்மேல் வலையைப் போர்த்திவிடுங்கள். பறவைகள் நம்மைவிட நன்றாக நாள் கணக்குத் தெரிந்தவை. பழம் நீலமானவுடனே பறிக்கவும் கூடாது. காம்பின் ஓரத்தில் செந்நிற வளையம் இருந்தால் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். பறித்தபின் மாங்காயைப்போல் வைக்கோலில் வைத்து இனிக்கச் செய்யவும் இயலாது. நீலமாகி ஐந்தாறு நாள் பொறுத்திருந்து, கட்டை விரலால் இலேசாக உருட்டிப் பாருங்கள். பழுத்த கனி தானே கையில் வந்து விழும். விழாததை அதன் கிளையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் போய்ப் பாருங்கள்.